சுவரோரத்து இடம்

பிப்ரவரி 3

எங்க கம்பெனியில வருசா வருசம் ஆளுக்கொரு டைரி குடுப்பாங்க. எடைமேடையில உப்பு லாரிய நிறுத்தி எடை பாத்துச் சீட்டுக் கிழிக்கிறவளுக்கு டைரியில எழுத என்ன இருக்கு? எண்ணெய்ச் சட்டிக்கு அடியில வைக்கத்தான் அது லாயக்கு. இந்த வருசம் பிள்ளைப்பேறு லீவுல வீட்டுலயே கிடக்கேன். பேச்சுத் துணைக்கும் ஆளில்ல, அதனால எழுதுதேன்.

என் வீட்டுக்காரர் லிகோரி ஹார்பர்ல டிரைலர் லாரி ஓட்டுதாவ. ஷிப்ட் முடிஞ்சு வந்தா முன்னறையில பாய விரிச்சு விழுந்துருவாவ. பிலோமி மயினி அவங்க கூடப் பிறந்த அக்கா, அடுத்த தெருவுலதான் இருக்காவ. பிள்ளை குளிப்பாட்ட தினம் வருவாவ. எங்க ஜெர்வினுக்கு இப்போ மூணாவது மாசம் நடக்கு.

இன்னைக்கு மயினி கால நீட்டி உக்காந்து, அவனக் காலுல கிடத்தி எண்ணெய் தேச்சுக்கிட்டு இருந்தாவ. திடீர்னு கை தலையில நின்னு போச்சு.

"ஏட்டி மெற்றில்டா, இங்க வந்து பாரு. இவனுக்குப் பின்னந்தலை ஒரு பக்கம் சப்பையா இருக்கே."

"எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும் மயினி."

"நாலு பெத்து வளத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? மேல இருந்து பாரு."

பாத்தேன். வலது பக்கப் பின்மண்டை தட்டிவிட்ட மாவு உருண்டை மாதிரி தட்டையா இருக்கு. வலது காது இடது காத விட கொஞ்சம் முன்னால நிக்குது. எத்தனை தடவை இந்தத் தலைய மோந்திருப்பேன், இது எப்படிக் கண்ணுல படாமப் போச்சு? பயத்த மயினிகிட்டக் காட்டிக்கிடல. தண்ணி ஆறுது, சீக்கிரம் ஊத்துங்கன்னு அதட்டிட்டு அடுக்களைக்குப் போயிட்டேன்.

பிப்ரவரி 4

பாக்கக் கூடாதுன்னு நெனச்சாலும் கண்ணு அங்கதான் போகுது.

பிப்ரவரி 9

மயினி கடுகு வச்சு ஒரு தலையணை தச்சுக் கொண்டு வந்தாவ. குளிப்பாட்டும்போது ரெண்டு கையாலயும் தலையப் பிடிச்சு உருட்டி உருட்டி அமுக்குதாவ. அவன் வீறிட்டுக் கத்துதான். "கொஞ்சம் அழட்டும், தலை உருண்டு வந்துரும்"னு சொல்லுதாவ. எனக்கு அவங்க கையத் தட்டி விடணும்னு இருந்துச்சு. நம்ம நல்லதுக்குத்தானே செய்யுதாவன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

எதிர்வீட்டுக்காரி பாக்க வந்தவ தொப்பிய எடுத்துத் தலையப் பாத்துட்டு, "ஆம்பளப் பிள்ளைதானே, முடி வளந்தா மறைஞ்சிரும்"னா. அவ கால் படி தாண்டுற வரைக்கும் பொறுத்துக்கிட்டு, கதவ அடிச்சுச் சாத்தினேன்.

படுக்கையறைக் கட்டில் சுவர ஒட்டிக் கிடக்கு. நான் வெளிப்பக்கம் படுப்பேன், அவன் நடுவுல. சுவரோரம் சும்மா கிடக்கிற இடத்துல மயினி இன்னைக்குத் துவைச்ச துணிய மடிச்சு அடுக்கி வச்சிருந்தாவ. எல்லாத்தையும் எடுத்துப் பீரோவுல திணிச்சேன். அந்தச் சுவர் ஓதம் அடிக்குது. துணி பூசணம் பிடிச்சுப் போயிரும்.

பிப்ரவரி 17

பிள்ளை டாக்டர்கிட்டப் போனோம். உச்சிக்குழியத் தடவிப் பாத்தார். மண்டை எலும்பு சேர்ற இடத்தை எல்லாம் விரலால தொட்டுப் பாத்தார். மூளைக்கு ஒண்ணும் பயமில்ல, எலும்பு முந்தி ஒட்டிக்கிடவும் இல்லைன்னார். ஒரே பக்கமாப் படுத்துப் படுத்து அமுங்கியிருக்காம். கழுத்துச் சதையும் ஒரு பக்கம் இறுகிப் போய், வலது பக்கமே திரும்புதானாம். எனக்கு அப்பதான் மூச்சு வந்துச்சு.

பிறகு பிறந்தப்போ குடுத்த ஆஸ்பத்திரிப் பேப்பரப் புரட்டிட்டு, "ரெட்டைப் பிள்ளையா?"ன்னு கேட்டார்.

"ஆமா சார்."

"வயித்துக்குள்ள இடம் நெருக்கமா இருந்திருக்கும்மா. சில பிள்ளைக்கு அங்கயே ஆரம்பிச்சிரும்."

அதுக்கு மேல அவர் கேக்கல. நானும் சொல்லல. வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு தரையப் பாத்துக்கிட்டே இருந்தாவ. வர்ற வழியில கத்தரிக்காயும் சாளை மீனும் வாங்கிட்டு வந்தோம். குழம்புல உப்பு போட மறந்துட்டேன். உப்புக் கம்பெனிக்காரி வீட்டுக் குழம்புல உப்பில்லைன்னு இவங்க சிரிக்கப் பாத்தாவ. நான் சிரிக்கல.

பிப்ரவரி 20

டாக்டர் எழுதிக் குடுத்த பிசியோதெரபிக்குப் போனேன். நஸ்ரின்னு ஒரு பொண்ணு. சின்ன வயசுதான், பேச்சு கறார். எடுத்ததுமே கடுகுத் தலையணையத் தூக்கிப் போடச் சொல்லிட்டா.

"தலைய அமுக்குறது, உருட்டுறது எதுவும் வேண்டாம்க்கா. தூங்கும்போது மல்லாக்கத்தான் போடணும், தலையணை கூடாது. முழிச்சிருக்கும்போது நீங்க பக்கத்துல இருந்து குப்புறப் போடுங்க, மடியில வைங்க, தூக்கி வச்சுக்கோங்க. கழுத்துக்கு நான் பயிற்சி சொல்லித் தாரேன். ஆமா, அவனுக்கு எந்தப் பக்கம் நீங்க படுப்பீங்க?"

"வலது பக்கம்."

"பால் எந்தப் பக்கம் குடுப்பீங்க?"

"இடது மார்ல மட்டும். வலது பக்கம் வத்திட்டு."

அவ ஒரு பொம்மைய எடுத்து என் இடது கையில கிடத்திக் காட்டினா. "இப்படி வச்சாப் பால் குடிக்கும்போதும் அவனுக்கு நீங்க வலது பக்கம். படுத்தாலும் வலது பக்கம். அம்மா எங்க இருக்காளோ அங்கதானே பிள்ளை பாப்பான்? வைத்தியம் லேசுதான்க்கா. நீங்க அவனுக்கு இடது பக்கம் போய்ப் படுங்க. அவன் மூஞ்சிக்கு நேரா உங்க மூஞ்சி இருக்கணும். தானாத் திரும்புவான்."

லேசாம்.

"செய்யாட்டி என்ன ஆகும்?"னு கேட்டேன்.

"இப்போ மண்டை எலும்பு இளசு, சொன்னபடி கேக்கும். மாசம் போகப் போகக் கெட்டியாயிரும். அப்புறம் காதும் நெத்தியும் கோணலாவே நின்னு போனாலும் போயிரும். கழுத்தும் திரும்பாது. இப்பவே செஞ்சிருங்க."

செய்யுதேன்னு தலையாட்டிட்டு வந்தேன்.

பிப்ரவரி 21

சுவரோரம் படுக்க முடியாது. ஓதம். எனக்கு ஏற்கெனவே நெஞ்சுச்சளி.

பிப்ரவரி 22

கட்டில நகட்டலாமான்னு இவங்க கேட்டாவ. எதிர்ச் சுவர்ல ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் வாசல். எங்க நகட்ட? "நீ சுவரோரம் படுத்தா முடிஞ்சுதே"ன்னாவ. சளின்னு சொன்னேன். தைலம் வாங்கிக் கொண்டு வந்து வச்சிட்டு டூட்டிக்குப் போயிட்டாவ. தைலத்தப் பாக்கவே எரிச்சலா வருது.

பிப்ரவரி 26

எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. நான் இடம் மாற வேண்டாம், அவனைத் திருப்பிப் போட்டாப் போதும். கால் இருந்த பக்கம் தலை, தலை இருந்த பக்கம் கால். நான் அதே வெளிப்பக்கம் படுத்தாலும் அவனுக்கு இடது பக்கம் ஆயிருவேன். எடைமேடையில உக்காந்திருக்கிறவ மூளை சும்மாவா? போட்டதும் கொஞ்ச நேரம் திணறினான், பிறகு இடது பக்கம் என்னப் பாத்து 'ங்கா'ன்னான். எனக்குத் தலைகால் புரியல.

அப்பப் பாத்து மயினி உள்ள வந்தாவ.

"ஏட்டி! வடக்க தலை வச்சா போட்டிருக்க? என்ன, பொணமா கிடத்தியிருக்க?"

சொன்ன வாய அப்படியே கையால பொத்திக்கிட்டாவ. கண்ணு கலங்கிட்டு. பிள்ளையத் தூக்கி, பழைய மாதிரியே திருப்பிப் போட்டேன்.

வடக்கு தெற்குல எனக்கு நம்பிக்கை கிடையாது. கம்பெனி விடுதியில வடக்க தலை வச்சுத்தான் வருசக்கணக்காத் தூங்கினேன், குத்துக்கல்லா இருக்கேன். ஆனா ஒண்ணப் பறிகுடுத்தவ இன்னொண்ண வச்சுப் பரீட்சை பாக்க முடியுமா?

மார்ச் 4

நேத்து முழுக்கத் தரையில பாய் விரிச்சுப் படுத்தோம். கட்டிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம், நாலு பக்கமும் வெட்டவெளி. எந்தப் பக்கம் வேணும்னாலும் படுக்கலாம்.

அடுக்களைக்குப் போய்ப் பால் அடுப்ப அணைச்சிட்டு வந்து வாசல்ல நின்னு பாத்தேன். பாயில அவனுக்கு வலது பக்கம் என் தலையணை. இடது பக்கம் ஒரு பிள்ளை படுக்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கேன். நான் விட்டது எனக்கே தெரியாது. தரையில ஓதமும் கிடையாது.

பாயச் சுருட்டி வச்சிட்டேன்.

மார்ச் 5

சாம்பல் புதன். நெத்தியில சாம்பல் பூசக் கோயிலுக்குப் போகல. பிள்ளையத் தூக்கிட்டுப் போனா எல்லாவளும் தலையத்தான் பாக்காளுவ.

மார்ச் 8

எழுதிருதேன். யாரும் கேக்காததால யார்கிட்டயும் சொல்லல.

நவம்பர்ல குறிச்ச நாளுக்கு முன்னாலயே பிறந்துட்டாங்க. முதல்ல அவ, பின்னால இவன். ரெண்டு பேரையும் கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க. நான் வயித்துல தையலோட மேல் மாடியில கிடந்தேன், அவங்க கீழ. சக்கர நாற்காலியில தள்ளிக்கிட்டுப் போய் ஒரே ஒரு தடவை காட்டினாங்க. அவ என் உள்ளங்கை அகலம்கூட இல்ல. காலு மட்டும் நீளம், இவங்க கால் மாதிரி.

பாலக் கறந்து குடுக்கச் சொன்னாங்க. எனக்கு நானே ஒரு ஒழுங்கு வச்சுக்கிட்டேன். இடது மார்ப் பால் அவனுக்கு, வலது மார்ப் பால் அவளுக்கு. ரெண்டு கிண்ணமும் கலந்துரக் கூடாதுன்னு அவ கிண்ணத்துல பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். ஒரு நாள் காலையில நர்ஸ் வந்து பிளாஸ்திரி ஒட்டாத கிண்ணத்தை மட்டும் எடுத்தா. இன்னொண்ணையும் எடும்மான்னேன். அவ முகத்தத் திருப்பிக்கிட்டா. அப்படித்தான் எனக்குத் தெரியும். அதுக்குள்ள இவங்களும் இவங்க சித்தப்பாவும் கொண்டு போய் அடக்கம் பண்ணிட்டு வந்துட்டாவ.

தையல் பிரிஞ்சிரும்னு என்னை அழ விடல. "ஒண்ணு தங்கிச்சே, அத நெனச்சுத் தேத்திக்கோ"ன்னு வந்தவ போனவ எல்லாம் சொன்னா. வலது மார்ல பால் நிக்கல. நெஞ்சு கட்டிக்கிட்டு காய்ச்சல் வந்துச்சு. மயினிதான் பால் வத்தணும்னு மல்லியப்பூவ வச்சுத் துணியால கட்டி விட்டாவ. வாரக்கணக்கா பூவும் பாலும் கலந்த வாடை. இப்போ தெருவுல பூக்காரி சத்தம் கேட்டாலே சன்னலச் சாத்திருதேன்.

பேருகூட இல்லாமப் போயிட்டா. கூப்பிட்டு அழக்கூட ஒரு பேரு இல்ல. சுவரோரத்துல இடம் ஒண்ணாவது இருக்கட்டுமே. அவன்தான் வயித்துல அவ பக்கத்துல கிடந்தவன், இப்பவும் அவ அவன் பக்கத்துலயே கிடக்கட்டும். இத எவகிட்டச் சொன்னாலும் எனக்குப் புத்தி பேதலிச்சிட்டுன்னுதான் பேசுவா.

மார்ச் 14

நஸ்ரின்கிட்டப் போனோம். இவங்களும் கூட வந்தாவ. தலைய அளந்து பாத்துட்டு அவ முகம் மாறிப் போச்சு.

"குறையலக்கா. போன தடவைய விடக் கொஞ்சம் கூடியிருக்கு. இடது பக்கம் படுக்கீங்களா?"

"படுக்கேன்."

இவங்க என்னத் திரும்பிப் பாத்தாவ. நஸ்ரின் பிள்ளை கழுத்தைப் பிடிச்சு மெதுவா இடது பக்கம் திருப்பினா. பாதியில நின்னுச்சு, அவன் முகம் சிவந்து கத்தினான். அந்தக் கத்தல் எனக்கு ஈரக்கொலைய அறுத்துச்சு. இவன் கழுத்து திரும்பாததுக்கு நான்தான் காரணம்னு தெரிஞ்சும், என் வாயி பொய்தான் சொல்லுது.

மார்ச் 15

இவங்க காலை ஷிப்ட் முடிஞ்சு மத்தியானம் வந்தாவ. சாப்பிடக்கூட இல்ல. கை கால் கழுவிட்டு நேரா கட்டிலுக்குப் போய், கால்மாட்டு வழியா ஏறி, பிள்ளையத் தாண்டிச் சுவரோரம் படுத்துட்டாவ.

"நீ படுக்காட்டா நான் படுக்கேன். அப்பன் மூஞ்சியப் பாத்தாவது திரும்பட்டும்."

"எந்திரிங்க."

"என்னட்டி?"

"எந்திரிங்கன்னு சொல்லுதேன்லா! அது அவ இடம்!"

தெருவுக்கே கேட்டிருக்கும். பிள்ளை அதிர்ந்து அழுதுட்டான். அவனை எடுத்துத் தோள்ல போட்டேன். இவங்க எந்திரிக்கல. மல்லாக்கப் படுத்தபடியே ஃபேனப் பாத்துக்கிட்டு, "யாரு இடம்?"னு கேட்டாவ.

"உங்களுக்குத் தெரியாதா? பேரா வச்சீய, பேரு சொல்லிச் சொல்ல? பேரில்லாமத்தானே கொண்டு போய்ப் புதைச்சீய."

"பேரு உண்டு."

இவங்க எந்திரிச்சு உக்காந்தாவ. சுவரப் பாத்துத்தான் பேசினாவ, என்னப் பாக்கல.

"அன்னைக்கு விடியவும் நர்ஸ் வெளிய வந்தா. 'நீங்க கிறிஸ்டியன்தானே, தண்ணி ஊத்தணும்னா இப்பவே ஊத்திருங்க'ன்னா."

எங்க ஆள்களுக்கு இது தெரியும். உசுரு போற நேரத்துல சாமியார் வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்க வேண்டாம். யாரு வேணும்னாலும் தலையில தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுக்கலாம். பேரு சொல்லித்தான் ஊத்தணும்.

"பெட்டியில ஓட்டை வழியாத்தான் கைய விட முடியும். பஞ்ச நனைச்சுக் குடுத்தா. நெத்தியில பிழிஞ்சேன். பேரு சொல்லணும்."

"எலினான்னுதானே பேசி வச்சிருந்தோம்?"

"அந்நேரம் எலினாவும் வரல, மாதா பேரும் வரல. வாயில உன் பேருதான் வந்துச்சு. மெற்றில்டா, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே உன்னைக் கழுவுகிறேன்னு சொன்னேன். கண்ணத் திறந்து பாத்தா. சத்தியமாப் பாத்தா, மெற்றி."

இந்தப் பேர எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பள்ளிக்கூடத்துல 'மெத்தை மெத்தை'ன்னு கூப்பிட்டே என் உசுர வாங்கினாளுவ. என் மகளுக்கு மட்டும் நல்ல பேரா வைக்கணும்னு எத்தனை நாள் யோசிச்சேன். கடைசியில என் பேரையே அவ தலையில ஊத்தியிருக்காவ. சிரிப்பு வந்துச்சு. சிரிக்கப் போய் அது அழுகையாப் போச்சு. நாலு மாசமா உள்ள கிடந்தது எல்லாம் வந்துச்சு. தையல் ஒண்ணும் பிரியல.

"ஏன் சொல்லல?"

"அக்காதான் வேண்டாம்னா. பேரு தெரிஞ்சா நீ கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுவேன்னா. பால் வத்திரும், இருக்கதும் போயிரும்னு பயந்தா. நானும் இன்னைக்குச் சொல்லுவோம் நாளைக்குச் சொல்லுவோம்னு..."

"பாவி"ன்னு அடிச்சேன். பிள்ளையத் தோள்ல வச்சுக்கிட்டு ஒரு கையாலதான் அடிக்க முடிஞ்சுது. இவங்க வாங்கிக்கிட்டாவ.

மார்ச் 16

மயினி வந்ததும் கேட்டேன், "எனக்குத் தெரியாம என் பேரைக் குடுத்திருக்கீயளே, நியாயமா?"ன்னு.

குளிப்பாட்டக் கொண்டு வந்த வெந்நிய அப்படியே கீழ வச்சிட்டாவ. "நான் பொல்லாதவதான். இவனும் போயிருவானோன்னு பயமா இருந்துச்சுட்டி. அந்நேரம் பால் ஒண்ணுதான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது, நீ தெரியல"ன்னு தரையில உக்காந்து அழுதாவ.

மன்னிச்சேனான்னு தெரியல. ஆனா அவங்க அழும்போது நானும் பக்கத்துல உக்காந்துட்டேன். வெந்நி ஆறிப் போய்த் திரும்பச் சுட வச்சோம். இன்னைக்கு அவங்க தலைய அமுக்கல. லேசா எண்ணெய் தடவினதோட சரி.

மார்ச் 23

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிஞ்சு இவங்க கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாவ. மாமனார் கல்லறை ஓரத்துல சின்ன மரச் சிலுவை. 'மெற்றில்டா'ன்னு கறுப்புப் பெயிண்ட்ல எழுதியிருக்கு. என்னை நானே பாக்க வந்த மாதிரி இருந்துச்சு. பக்கத்துக் கல்லறைக்கு மெழுகுதிரி வைக்க வந்த அம்மா சிலுவையப் படிச்சிட்டு, "யாருமா, உனக்கு அக்காவா?"ன்னு கேட்டாவ.

"இல்லம்மா. என் மக"ன்னேன்.

முதல் தடவையா ஒரு ஆள்கிட்டச் சொல்லியிருக்கேன். அந்தம்மா கையில இருந்த மெழுகுதிரில ஒண்ண எடுத்து எனக்குக் குடுத்தாவ.

மார்ச் 24

மயினி குளிப்பாட்டிட்டுப் போயிட்டாவ. இவங்க டூட்டியில. ஜெர்வினுக்குப் பால் குடுத்து நடுக் கட்டில்ல கிடத்தினேன். அவன் வழக்கம்போல வலது பக்கம் திரும்பி என்னத் தேடினான். நான் அங்க இல்ல. கால்மாட்டு வழியா ஏறி, முட்டி போட்டுச் சுவர்ப் பக்கம் வந்துட்டேன்.

"ஜெர்வினே, அம்மா இங்க இருக்கேன்."

குரல் வந்த பக்கம் கழுத்தத் திருப்பிப் பாத்தான். பாதி வந்துச்சு. கழுத்து நடுங்கி, பழையபடி வலது பக்கமே போயிட்டு. உதட்டப் பிதுக்கி அழ ஆரம்பிச்சான். எனக்கு ஒரே தாவாத் தாவி அந்தப் பக்கம் போயிரணும்னு இருந்துச்சு. மூஞ்சிக்கு நேரா மூஞ்சி இருக்கணும்னு நஸ்ரின் சொன்னாளே. முட்டி போட்டு நின்னா அவனுக்கு எங்க தெரியும்? படுத்தாத்தான் தெரியும். படுக்க எனக்குக் கால் மடங்கல.

சுவரோரம் கட்டில்ல விரிச்சிருந்த துப்பட்டியக் கையால தடவி விட்டேன். வீட்டுல யாரும் இல்ல, வெக்கப்பட ஒண்ணும் இல்ல. சத்தமாவே சொன்னேன்.

"மெற்றில்டா, கொஞ்சம் தள்ளிப் படு மக்ளே. தம்பி கழுத்த ஒடிச்சுக்கிட்டுக் கிடக்கான். அம்மாவும் இங்கன படுத்துக்கிடுதேன்."

பிறகு படுத்தேன். அவன் மூஞ்சிக்கு நேரா என் மூஞ்சிய வச்சுக்கிட்டு, கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். அழுதான், நிறுத்தினான், திரும்பவும் அழுதான். கழுத்து கொஞ்சம் வரும், போகும். பொறுத்துக் கிடந்தேன். கடைசியில தலை மெல்ல உருண்டு இந்தப் பக்கம் சாஞ்சுது. இவ எங்க இங்கேன்னு முழிச்சு முழிச்சுப் பாத்தான். பிறகு பொக்கை வாயத் திறந்து சிரிச்சான்.

சுவர ஒட்டிப் படுக்கல. என் முதுகுக்குப் பின்னால ஒரு சாண் இடம் விட்டுத்தான் படுத்தேன். அவளுக்கு அது போதும். சின்னப் பிள்ளைதானே.